தோட்டத்தில் குளிர்காய: தீக்குழியா, விறகு அடுப்பா?

பின்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

வீட்டின் பின்பக்கம் 30 அடிக்கு 25 அடி திறந்த இடம் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறடி மதில். எதிர் மூலையில் ஒரு மரம், அதன் தாழ்ந்த கிளை தரையிலிருந்து 12 அடி உயரத்தில் இருக்கும். வீட்டை ஒட்டி ஒரு தாழ்வாரம், தகரக் கூரை, மூன்று பக்கம் அடைப்பு.

அம்மாவுக்கு 71 வயது. இருட்டிய பிறகு கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் முடிந்தது போல இருக்கும். இரண்டு வருடமாகக் குளிர் தாங்காமல் அதை விட்டுவிட்டார். ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எப்படியாவது அவரைத் திரும்ப வெளியே உட்கார வைக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் கையிலேயே இருக்கும். என் தயக்கமெல்லாம் அதனால்தான்.

பார்த்து வைத்திருப்பது இரண்டு. ஒன்று, 75 செ.மீ. அகலத்தில் கிண்ணம் போன்ற இரும்புத் தீக்குழி. இன்னொன்று, கதவும் 2 மீட்டர் புகைபோக்கியும் உள்ள சிறிய விறகு அடுப்பு, வெளியே வைப்பதற்கென்றே செய்தது. வழக்கமாக உட்காருவது நான்கு பேர், விடுமுறை நாளில் எட்டுப் பேர் வரை. விறகு இருக்கிறது. போன வருடம் விழுந்த மரத்தைத் துண்டு போட்டு அடுக்கி 8 மாதம் ஆகிறது.

எது அதிகம் சூடு தரும்? புகையில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? இரண்டையும் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மரத்தடி எழுதியது:

என் ஓட்டு தீக்குழிக்குத்தான். ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். நெருப்பைச் சுற்றி வட்டமாக உட்காரும்போது எல்லோருடைய முகமும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். அடுப்புக்குக் கதவு இருப்பது ஒரு பக்கம்தான், கதவுப் பக்கம் உட்கார்ந்தவருக்கு மட்டும் நெருப்பு தெரியும், மற்றவர்கள் இரும்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். என் பிள்ளைகள் இருவரும் போனை உள்ளே வைத்துவிட்டுத் தாங்களாகவே வந்து உட்காரும் ஒரே இடம் அந்தக் குழிதான்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுச் சுவர், வேலி, தாழ்வாரம் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். புகை வந்தால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கங்கு எழுதியது:

தம்பி, நான் நான்கு குளிர்காலம் தீக்குழியும், அதன் பிறகு மூன்று குளிர்காலம் அடுப்பும் வைத்திருந்தவள். மாற்றியதற்குக் காரணமும் உங்களுடையது போன்றதுதான், என் அப்பாவின் இருமல். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரத்தடி சொன்ன அந்த வட்டத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் "நாற்காலியை நகர்த்திக்கொள்ளலாம்" என்பது 71 வயதுக்காரருக்குச் சரிப்படாது. நகர்த்தினாலும் புகை கூடவே வரும். நெருப்பு தனக்கு வேண்டிய காற்றை நாலா பக்கமிருந்தும் கீழ்வாக்கில் இழுக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் பக்கம் நம் உடம்பு அந்தக் காற்றை மறைக்கிறது. மற்ற பக்கங்களிலிருந்து வரும் காற்று புகையை நம் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. காற்றே வீசாத இரவிலும் என் அப்பா இடம் மாறி மாறி உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மூன்றாவது முறையாக எழுந்தவர் பேசாமல் உள்ளே போய்விட்டார். அப்புறம் அந்த வருடம் முழுக்க வெளியே வரவில்லை.

இனி சூடு. இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள், நானும் போட்டேன். அறைக்குள் வைக்கிற அடுப்பு நன்றாகச் சூடு தருவது எப்படி? அது காற்றைச் சூடாக்குகிறது, அந்தக் காற்று சுவருக்கும் கூரைக்கும் நடுவில் தங்கிவிடுகிறது. வெளியே கூரையும் இல்லை, சுவரும் இல்லை. சூடான காற்று நேராக மேலே போய்விடும். அதனால் திறந்த வெளியில் நம் உடம்புக்கு வந்து சேருவது கதிர்வீச்சாக வருகிற சூடு மட்டும்தான், வெயில் நம் மேல் படுவது போல.

இந்த விஷயத்தில் தீக்குழிதான் பலசாலி. கணகணவென்று இருக்கும் தணல் சுமார் 800 டிகிரி செல்சியஸில் இருக்கும். அடுப்பின் வெளி உடம்பு 300 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் மூன்று மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும், அதுவும் கெல்வின் கணக்கில், அதாவது செல்சியஸோடு 273 கூட்டி. அப்படிப் பார்த்தால் உள்ளங்கை அளவு தணல், அதே அளவு அடுப்பு இரும்பைவிட 12 மடங்கு சூட்டை வீசுகிறது. எட்டுப் பேர் எட்டடி வட்டத்தில் உட்கார்ந்து குளிர்காய முடிவது அதனால்தான். அடுப்பு என்றால் ஒரு மீட்டருக்குள் நெருங்கி உட்கார வேண்டும். காற்று வீசினால் இரும்பு ஆறிப்போகும், இன்னும் குறையும்.

தூரமும் முக்கியம். நெருப்பிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் சூடு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். முழங்கால் பொசுங்கும், முதுகு விறைக்கும். குழியோ அடுப்போ, முதுகுக்கு ஒரு மறைப்பு இல்லாவிட்டால் வயதானவர்களுக்குக் குளிர் போகாது. உங்கள் மதில் இருக்கிறதே, அதுதான் உங்கள் சொத்து. அம்மாவின் நாற்காலியை மதிலுக்கு முதுகு காட்டிப் போடுங்கள். தோளோடு ஒரு கம்பளி.

அப்படியென்றால் குழியே வாங்கலாமே என்று நினைப்பீர்கள். அம்மாவின் மூச்சுக்காக வேண்டாம் என்கிறேன். விறகில் முக்கால் பங்குக்கு மேல், சூடு பட்டதும் வாயுவாகக் கிளம்பிவிடும். நாம் பார்க்கிற சுடர் அந்த வாயு எரிவதுதான். அது முழுதாக எரிய 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடும் போதுமான காற்றும் வேண்டும். திறந்த குழியில் ஓரங்கள் ஆறிக்கிடக்கும், அங்கே கிளம்பும் வாயு எரியாமலே மேலேறும். அதுதான் புகை. அதில் இருக்கும் நுண்துகள்கள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை, முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு அதைத் தடுக்காது, நேரே நுரையீரலின் அடிவரை போகும். அடுப்புக்குள் நாலா பக்கமும் இரும்பு சூடாக இருப்பதால் வாயு நன்றாக எரிகிறது. மிச்சமிருக்கும் புகையையும் குழாய் தலைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது.

ஆனாலும் பற்ற வைக்கிற முதல் கால் மணி நேரம் அடுப்பும் புகையும். கதவைத் திறந்து விறகு போடும்போதெல்லாம் ஒரு வீச்சு வெளியே வரும். நான் அப்பாவை 20 நிமிடம் கழித்துத்தான் கூப்பிடுவேன். அவர் இருக்கும்போது கதவைத் திறந்தால் முதலில் ஒரு விரற்கடை மட்டும் திறந்து, குழாய் இழுக்க ஆரம்பித்த பிறகு மெதுவாகத் திறப்பேன். காற்றே அசையாத சில குளிர் இரவுகளில் புகை மேலே போகாமல் தரையோடு படியும். அன்றைக்கு மூட்டவே மாட்டேன். எதற்கும் அம்மாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக விறகு. துண்டு போட்டு அடுக்கினேன் என்கிறீர்கள். பிளந்தீர்களா? பட்டையோடு முழுசாகக் கிடக்கும் கட்டை வருடம் ஆனாலும் உள்ளே காயாது. நான் முதல் வருடம் கட்டைகளைத் தார்ப்பாயால் தரைவரை இறுக்கிச் சுற்றி வைத்தேன். பிரித்துப் பார்த்தால் எல்லாம் பூஞ்சை. மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட்டமாக விட வேண்டும். ஈரமானி ஒன்று வாங்கி, ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து அந்த உள்முகத்தில் வைத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் எரிக்கலாம். ஈர விறகை எவ்வளவு நல்ல அடுப்பில் வைத்தாலும் புகைதான் வரும். அம்மாவுக்கு நல்லதா கெட்டதா என்பதில் பாதியை அந்த எண்ணே முடிவு செய்துவிடும்.

இரும்புப்பட்டறை எழுதியது:

கங்கு அக்கா சொன்னது சரி. நான் வெல்டிங் வேலை செய்கிறவன், இரண்டு வகையும் செய்து கொடுத்திருக்கிறேன். வாங்கும்போது பார்க்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

தகடு மெல்லியதாக இருந்தால் ஒரே குளிர்காலத்தில் நெளிந்துவிடும். என் கையால் செய்தால் குழிக்கு 3 மி.மீ.க்குக் குறைய மாட்டேன். துத்தநாகப் பூச்சுப் பூசிய வாளி, தொட்டி எதிலும் நெருப்பு மூட்டாதீர்கள். அந்தப் பூச்சு சூடேறிப் புகையானால் அதைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சல் போல வரும், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆஸ்துமா இருப்பவர் பக்கத்தில் நினைத்தே பார்க்கக் கூடாது. சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம், இவையும் அப்படித்தான். பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கும், எரித்தால் அது சாம்பலில் தங்கும்.

இப்போது "புகையில்லாக் குழி" என்று இரட்டைச் சுவர் வைத்த உருளைகள் வருகின்றன. இரண்டு சுவருக்கும் நடுவில் காற்று ஏறி, சூடாகி, மேல் விளிம்பில் இருக்கும் துளைகள் வழியாக வந்து புகையை எரித்துவிடுகிறது. நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நெருப்பு முழு வேகத்தில் இருக்கும்போது மட்டும்தான் புகை இல்லை, தொடக்கத்திலும் அணையும்போதும் வரும். அப்புறம் சுவர் உயரமாக இருப்பதால் தணல் உள்ளே மறைந்துவிடும். அக்கா சொன்ன அந்தக் கதிர்வீச்சு காலுக்கு எட்டாது, முகத்துக்குத்தான் படும். சூடு போதவில்லை என்று என்னிடம் திரும்பக் கொண்டு வந்தவர்கள் உண்டு.

சலவை இயந்திரத்தின் உள் உருளையில் நெருப்பு மூட்டுபவர்களையும் பார்க்கிறேன். துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் நல்ல பொருள்தான், சுற்றிலும் துளை இருப்பதால் தணல் தெரியும், காற்றும் போகும். பிளாஸ்டிக், ரப்பர் பாகம் ஒன்றுவிடாமல் கழற்றிவிட வேண்டும்.

அடுப்பை மரக்கிளைக்கு நேர்கீழே வைக்காதீர்கள். 2 மீட்டர் குழாயும் அடுப்பு உயரமும் சேர்ந்தால் கிளைக்கு மிச்சம் ஐந்தடிகூட இருக்காது. குழாய் முனையில் பொறி தடுக்கும் கம்பி வலை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வலையில் கரி அடைத்தால் அடுப்பு பின்வாங்கிப் புகையும், மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள்.

மழை வந்தால் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மூன்று பக்கம் அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தணல் அமைதியாகக் கிடக்கும்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும்.

பின்கட்டு எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. கங்கு அக்கா, நீங்கள் சொன்ன அன்றே ஒரு கட்டையைப் பிளந்து பார்த்தேன். வெளியே தட்டினால் கணீரென்று இருந்தது, உள்ளே 27 காட்டியது. எல்லாவற்றையும் மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, மேலே மட்டும் தகடு போட்டு, வெயிலும் காற்றும் படும் மதிலோரம் மாற்றி அடுக்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். எதையும் வாங்குவதற்கு முன் எங்கள் இடத்தில் காற்றும் புகையும் எப்படிப் போகிறது என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? வாங்கி வைத்த பிறகு அம்மாவால் உட்கார முடியவில்லை என்றால் மனசு ஆறாது.

மரத்தடி எழுதியது:

இருக்கிறது. காய்ந்த செங்கலைத் தரையில் வட்டமாக, நடுநடுவே இடைவெளி விட்டு இரண்டு வரிசை அடுக்குங்கள். அதற்குள் சின்னதாக ஒரு நெருப்பு மூட்டிப் பாருங்கள். மூன்று வேறு இரவுகளில் மூன்று இடத்தில் செய்து பார்த்தால் உங்கள் காற்றின் குணம் தெரிந்துவிடும். ஆற்றுக் கல்லை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது நீராவியாகிக் கல்லையே வெடிக்க வைக்கும். சிமெண்ட் தரைமேலும் நேராக மூட்ட வேண்டாம், தரை செதில் செதிலாகத் தெறிக்கும்.

மரத்துக்குப் பக்கத்திலும் செய்யாதீர்கள். மண்ணுக்கடியில் காய்ந்த வேர் இருந்தால் அது கனன்றுகொண்டே போய் வேறு எங்கேயாவது தலைகாட்டும்.

உங்கள் அம்மாவின் நிலைமையைச் சரியாகக் கவனிக்காமல் முதலில் குழி என்று எழுதிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு அக்கா சொல்வதுதான் பொருத்தம்.

பின்கட்டு எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விட மனசில்லை.

செங்கல் வட்டத்தை மூன்று இரவு மூட்டிப் பார்த்தோம். அம்மாவின் நாற்காலியில் என் தங்கை உட்கார்ந்தாள். வீட்டுப் பக்கம் வைத்தபோது புகை சுவரில் மோதித் திரும்பி நேராக அவள் முகத்துக்கு வந்தது. நடுவில் வைத்தபோது பாதி நேரம் வந்தது. மதிலிலிருந்து 11 அடி தள்ளி வைத்தபோதுதான் பெரும்பாலும் மரத்துப் பக்கம் போனது. அப்போதும் ஒரு மணி நேரத்தில் ஆறேழு முறை அவளுக்குக் கண் எரிந்தது. அதோடு என் குழப்பம் தீர்ந்தது, அடுப்பே வாங்கிவிட்டேன்.

முதலில் நானும் தங்கையும் மட்டும் நான்கு நாள் மூட்டிப் பழகினோம். பெரிய விறகை அடியில் வைத்து, சுள்ளியை மேலே அடுக்கி, உச்சியில் பற்ற வைத்தால் புகை குறைகிறது. கிளம்புகிற வாயு சுடரைத் தாண்டித்தான் போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடுகிறது போல. விறகு இப்போது 18 காட்டுகிறது. மருத்துவரிடம் கேட்டோம். புகை முகத்தில் அடிக்காத இடமாக இருக்க வேண்டும், இன்ஹேலர் பக்கத்தில் இருக்க வேண்டும், இருமல் தொடங்கினால் உடனே உள்ளே போய்விட வேண்டும் என்றார்.

நாற்காலியை மதிலோடு ஒட்டிப் போட்டால் சூடு எட்டவே இல்லை. அதனால் அடுப்புக்கு நாலடியில் நாற்காலியைப் போட்டு, பின்னால் ஒரு மரத்தட்டி நிறுத்தினோம். அதில் பழைய கம்பளியைக் கட்டி முதுகுக்கு மறைப்பாக்கினோம். முன்னால் தடுப்பு எதுவும் இல்லை, கை தவறி இரும்பைத் தொட்டுவிடக் கூடாது என்று நான் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா 40 நிமிடம் இருந்தார். இருமவில்லை. கையை நீட்டிச் சூடு காட்டிக்கொண்டே இருந்தவர், கதவுக் கண்ணாடியில் நெருப்பு தெரிகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பச் சொன்னார். மறுநாள் இருட்டுவதற்கு முன்பே, இன்றைக்கு எப்போது மூட்டுவாய் என்று கேட்டார்.

கங்கு எழுதியது:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவும் அப்படித்தான் கையை நீட்டிக்கொண்டு இருப்பார்.

சாம்பல் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். மேலே வெள்ளையாக நீறு பூத்திருக்கும், உள்ளே கங்கு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும். அதை பிளாஸ்டிக் வாளியிலோ காகிதப் பையிலோ அள்ளாதீர்கள். மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, வீட்டிலிருந்தும் அந்த மரத்தட்டியிலிருந்தும் தள்ளி, வெறும் மண்மேல் வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுக் கொட்டலாம். எல்லாச் சாம்பலையும் துடைத்தெடுக்கவும் வேண்டாம். அடியில் ஒரு விரல் கனத்துக்கு விட்டு வைத்தால் மறுநாள் தணல் நன்றாக நிற்கும்.

மரத்தட்டியை அடுப்பிலிருந்து இன்னும் ஓரடி பின்னால் நகர்த்த முடியுமா பாருங்கள். அரை மணி நேரம் எரிந்த பிறகு அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூடாக இருந்தால் கம்பளியோடு அது அங்கே நிற்கக் கூடாது.